வாசிப்புப் பார்வையில் விடுபட்ட எச்சரிக்கை: அணைக்கட்டு வட்டாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் இலவம்பாடியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் முள்ளுக் கத்திரிக்குப் பெயர்பெற்றவை. செடியிலும் காய்க்காம்பிலும் முள் நிற்கும் இந்த நாட்டு ரகம் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இந்தப் பகுதியில் இயங்கும் ஒரு விவசாயிகள் குழு, பயிர் ஆலோசனைகளைத் தமிழில் எழுதி இணையதளத்தில் வெளியிடுகிறது. வேளாண்மை படித்த இளைஞர்கள் சிலரும், பணி ஓய்வு பெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவரும் எழுதுகிறார்கள். தளத்தின் தோற்றத்தை ஒரு தன்னார்வலர் ஆயத்த வார்ப்புரு (டெம்ப்ளேட்) ஒன்றிலிருந்து அமைத்தார். தொழில்நுட்ப வேலைகளை நான் காட்பாடியிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். ஆட்களையும் ஊரையும் அடையாளம் காட்டும் விவரங்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் விலை குறைந்த கைபேசியில் படிப்பவர்கள். வயதானவர்கள் நிறைய. அவர்களில் பலர் பிரௌசரில் உள்ள ரீடர் வியூ எனப்படும் வாசிப்புப் பார்வையைப் பயன்படுத்துகிறார்கள். முகவரிப் பட்டையின் ஓரத்தில் தெரியும் சிறு சின்னத்தைத் தொட்டால் மெனு, விளம்பரம், பகிர்வுப் பொத்தான்கள், பக்கவாட்டுப் பெட்டிகள் எல்லாம் விலகும். கட்டுரை மட்டும் ஒரே எழுத்துருவில், கண்ணுக்கு வேண்டிய அளவில் வரும். 2009இல் ஆர்க்90 என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ரீடபிலிட்டி என்ற சிறு கருவிதான் இதைப் பரவலாக்கியது. 2010இல் ஆப்பிளின் பிரௌசரான சஃபாரி 5 இதைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. கணினிக்கான ஃபயர்ஃபாக்ஸில் 2015இல் வந்தது. இன்று பெரும்பாலான பிரௌசர்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

கண் மங்கியவர்களுக்கு இது பெரிய உதவி. அதனால்தான் கீழே சொல்லப்போகும் நிகழ்வை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்ன நடந்தது

பங்குனி மாதக் கடைசியில் குழுவின் எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் எழுபதை எட்டும் விவசாயி. ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. இன்னொரு கண்ணுக்கு இனிமேல்தான். நாற்பது சென்ட் நிலத்தில் கத்திரி வைத்திருந்தார். தண்டுத் துளைப்பான் புழு விழுந்து நுனிகள் தலைசாய்ந்து வாடிக்கொண்டிருந்தன. எங்கள் தளத்தில் வேப்பங்கொட்டைச் சாறு பற்றிய கட்டுரையைப் படித்து, அதன்படி கரைசல் தயாரித்துத் தெளித்திருக்கிறார். புழு குறையவில்லை. போதாததற்குச் சில இலைகளின் ஓரம் கருகிவிட்டது.

அழைப்பை எடுத்தது அந்தக் கட்டுரையை எழுதிய இளம்பெண்தான். உரையாடலை அவர் பின்னர் எழுதிக் கொடுத்தார்.

"நீங்கள் எழுதியபடியேதான் செய்தேன் அம்மா. வெயில் ஏறிய பிறகு தெளித்தேன்."

"ஐயா, வெயிலில் தெளிக்கக் கூடாது என்றுதானே போட்டிருக்கிறோம்?"

"அப்படி இல்லையே அம்மா. 'வெயில் ஏறிய பின் தெளித்தல்' என்றுதான் இருக்கிறது. பேத்தியும் படித்துப் பார்த்துச் சொன்னாள்."

எந்த அளவில் கலந்தீர்கள் என்று கேட்டதற்கு, "அளவு ஒன்றும் போடவில்லையே, பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்டுக் கலந்தேன்" என்றார். கட்டுரையில் அளவுப் பட்டியல் ஒன்று நடுநாயகமாக இருந்தது. எழுதியவருக்கு முதலில் தோன்றியது, பெரியவர் வேறு ஏதோ தளத்தைப் படித்திருக்கிறார் என்பது. ஆனால் அவர் தலைப்பையும் முதல் பத்தியையும் அப்படியே வாசித்துக் காட்டினார். அது எங்கள் கட்டுரையேதான். ஆகவே நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

நேரில் பார்த்தது

திண்ணையில் கிடந்த கட்டிலில் இரண்டு கைபேசிகளை அருகருகே வைத்தோம். எங்கள் கைபேசியில் சாதாரணப் பக்கம். அவருடையதில் பேத்தி பழக்கிக் கொடுத்திருந்த வாசிப்புப் பார்வை. ஒரே முகவரி, ஒரே கட்டுரை. வரிவரியாக ஒப்பிட்டோம்.

"கவனிக்க வேண்டியவை" என்ற தலைப்பின் கீழ் எங்கள் பக்கத்தில் ஐந்து வரிகள் இருந்தன. இரவு முழுவதும் ஊறவைத்தல், இரண்டாக மடித்த துணியில் வடிகட்டுதல், மாலையில் தெளித்தல் ஆகிய மூன்றும் பச்சை எழுத்தில். வெயில் ஏறிய பின் தெளித்தல், மீந்த கரைசலை மறுநாளைக்கு எடுத்துவைத்தல் ஆகிய இரண்டும் சிவப்பில். பச்சை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. பார்த்தவுடன் புரியும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு. பெரியவரின் திரையில் ஐந்தும் கறுப்பு. ஐந்தும் ஒரே பட்டியலாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, செய்ய வேண்டிய வேலைகளாகவே நின்றன. மாலையிலும் தெளிக்கலாம், வெயில் ஏறிய பிறகும் தெளிக்கலாம் என்று அவர் புரிந்துகொண்டதில் ஒரு பிழையும் இல்லை. அந்தத் திரையில் எழுதியிருந்ததை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

அடுத்து, அளவுப் பட்டியல். 5 கிலோ கொட்டைத்தூள், ஊறவைக்க 10 லிட்டர் தண்ணீர், வடிகட்டிய பின் மொத்தம் 100 லிட்டராகச் சேர்ப்பது, அதாவது 10 லிட்டர் டேங்குக்கு அரைக்கிலோ கணக்கு. இதுதான் 5 சதவீதக் கரைசல். அவருடைய திரையில் "கீழ்க்கண்ட அளவுகளில் எடுத்துக்கொள்ளவும்" என்ற வரி இருந்தது. அதற்குக் கீழே நேராக "கரைசல் பால் போல வெளுக்கும்வரை கலக்கவும்" என்ற அடுத்த பத்தி வந்துவிட்டது. இடையில் ஒரு வெற்றிடம்கூட இல்லை. எதுவோ விடுபட்டிருக்கிறது என்று சந்தேகப்படக்கூட அந்தப் பக்கம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான்.

மூன்றாவது, கொட்டையின் வயது பற்றிய எச்சரிக்கை. பறித்து மூன்று மாதமாவது ஆன கொட்டையாக இருக்க வேண்டும். எட்டு, பத்து மாதத்தைத் தாண்டியதில் வீரியம் குறைந்துவிடும். அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள்தான் புழுவைத் தடுப்பது. அது நாள்பட்டால் குறைகிறது, வெயில் பட்டாலும் சிதைகிறது. இதைச் சிவப்புக் கோடு போட்ட தனிப்பெட்டியில், "முக்கியம்" என்ற பட்டையோடு வைத்திருந்தோம். பெரியவரின் திரையில் அந்தப் பெட்டி முழுவதுமாக இல்லை. அவர் பயன்படுத்தியது முந்தின ஆண்டுக்கும் முந்தின ஆடியில் சேர்த்து மூட்டையில் கட்டிவைத்த கொட்டை.

செய்முறைப் படிகளுக்கு முன்னிருந்த எண்களும் மறைந்திருந்தன. "மூன்றாம் படியில் சொன்ன துணி" என்று பின்னால் ஒரு வரி வருகிறது. மூன்றாம் படி எது என்று அங்கே தேடினாலும் கிடைக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புழு கட்டுப்படாததற்கு எங்கள் பக்கம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. இந்தப் புழு முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். உள்ளே போனதை எந்தத் தெளிப்பும் எளிதில் தொடாது. வாடிய நுனிகளைக் கிள்ளி அழிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் கூடவே நடக்க வேண்டும். ஆனால் பழைய கொட்டை, கைக்கணக்கான அளவு, வெயில் நேரத் தெளிப்பு ஆகிய மூன்றையும் தவிர்க்கச் சொல்லி நாங்கள் எழுதிய மூன்று இடங்களும் அவர் கண்ணில் படவே இல்லை என்பது உறுதி.

ஏன் இப்படி ஆகிறது

வாசிப்புப் பார்வை பக்கத்தைப் படம் பிடித்துச் சுத்தம் செய்வதில்லை. பக்கத்தின் அடியில் இருக்கும் எச்.டி.எம்.எல் குறிகளை (எது தலைப்பு, எது பத்தி என்று பிரௌசருக்குச் சொல்பவை) படித்து, எது கட்டுரை, எது ஒட்டுச்சதை என்று கணித்து, கட்டுரை என்று பட்டதை மட்டும் எடுத்துத் தன் பாணியில் புதிதாக அடுக்குகிறது. முறத்தில் புடைப்பதைப் போன்ற வேலை: கனமானது தங்கும், லேசானது பறக்கும். எது கனம் என்பதை முடிவுசெய்யும் விதிகளில்தான் விஷயம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்தும் நிரலை, அந்தப் பிரௌசரை உருவாக்கும் மோசில்லா திறந்த மூலமாக வெளியிட்டிருப்பதால் அந்த விதிகளை யாரும் படித்துப் பார்க்கலாம். நான் அதை வைத்துத்தான் எங்கள் பக்கத்தைச் சோதித்தேன்.

பத்திகளுக்கு மதிப்பெண் போடுவதில் அது தொடங்குகிறது. இருபத்தைந்து குறியீடுகளுக்கு (எழுத்து, இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை) குறைவான பத்தி கணக்கிலேயே சேராது. நூறு குறியீட்டுக்கு ஒரு புள்ளி வீதம் மூன்று புள்ளிவரை நீளத்துக்குக் கிடைக்கும். காற்புள்ளிகளுக்கும் புள்ளி உண்டு. தொடர்ச்சியான உரைநடையில் காற்புள்ளி வரும், மெனுவில் வராது என்பது அதன் நியாயம். இப்படிச் சேர்ந்த மதிப்பெண் பத்தியைச் சுற்றியுள்ள பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டியில் இணைப்புகள் மிகுந்திருந்தால் அந்த விகிதத்துக்கு மதிப்பெண் குறையும். பெட்டிக்கு வைத்த உட்பெயரும் கவனிக்கப்படுகிறது. 'ஆர்ட்டிக்கிள்', 'கன்டென்ட்' போன்ற பெயர் இருந்தால் 25 கூடும். 'சைட்பார்', 'விட்ஜெட்', 'ப்ரோமோ' என்று இருந்தால் 25 குறையும். வாசகர் பார்க்கவே பார்க்காத பெயர் அது. வார்ப்புரு செய்தவர் என்றோ வைத்தது, இந்த வட்டாரத்தில் ஒருவர் என்ன படிக்கிறார் என்பதை முடிவுசெய்கிறது.

எங்கள் எச்சரிக்கைப் பெட்டி 'அசைட்' என்ற குறிக்குள் இருந்தது. மையக் கட்டுரைக்குப் பக்கத்தில் நிற்கும் துணைச்செய்தி என்று பிரௌசருக்குச் சொல்லும் குறி அது. வாசிப்புப் பார்வையின் நிரல் அந்தக் குறிக்குள் இருப்பதை மதிப்பெண் எல்லாம் பார்க்காமல் நீக்கிவிடுகிறது. நாங்களே துணைச்செய்தி என்று எழுதிக் கொடுத்ததை அது நம்பியிருக்கிறது.

அளவுப் பட்டியல் போனதற்குக் காரணம் வேறு. ஒரு டேபிள் உண்மையான தகவல் அட்டவணையா, பக்கத்தை அடுக்குவதற்குப் பயன்பட்ட வெறும் கட்டமா என்று நிரல் முதலில் பார்க்கிறது. தலைப்புக் கட்டங்களோ அட்டவணைத் தலைப்போ இருந்தால் தகவல் அட்டவணை என்று எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடும். பத்து வரிசையோ ஐந்து நெடுவரிசையோ இருந்தாலும் விட்டுவிடும். எங்களுடையது இரண்டு நெடுவரிசை, நான்கு வரிசை; தலைப்புக் கட்டம் இல்லை; முதல் வரிசையைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம், அவ்வளவுதான். கூடவே, ஒவ்வொரு பொருளின் பெயருக்கும் வேறொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தோம். இருந்ததே கொஞ்சம் எழுத்து. அதில் பாதிக்குமேல் இணைப்பு. இணைப்பு மிகுந்த சிறு கட்டம் என்றால் பெரும்பாலும் மெனுவாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கில் நீக்கிவிட்டது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எழுத்தின் நிறம், அளவு, பின்புலம் எல்லாவற்றையும் களைந்துவிட்டுத் தன் சொந்த அலங்காரத்தைப் போடுவதுதான் வாசிப்புப் பார்வையின் வேலையே. படி எண்களும் அப்படித்தான்: அவை உரையில் எழுதப்படவில்லை, சி.எஸ்.எஸ் என்ற தோற்ற விதிகளின் அலங்காரத்தால் வரையப்பட்டிருந்தன. அலங்காரம் போனதும் எண்ணும் போயிற்று.

சோதனையில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. சில பக்கங்களில் வாசிப்புச் சின்னமே தோன்றுவதில்லை. அந்தச் சின்னத்தைக் காட்டலாமா என்று பிரௌசர் முன்கூட்டியே ஒரு விரைவுக் கணக்குப் போடுகிறது. 140 குறியீட்டுக்குக் குறைந்த பத்திகளை விட்டுவிடுகிறது, பட்டியலுக்குள் இருக்கும் பத்திகளையும் எண்ணுவதில்லை. வாரச் சந்தை நிலவரம் போன்ற எங்கள் குறுஞ்செய்திகள் இதில் அடிபட்டுவிட்டன.

மற்றது பழைய கட்டுரைகள். ஓய்வு பெற்ற அலுவலர் முன்பு தட்டச்சு செய்து வைத்திருந்தவை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தன. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. எழுத்துருவைத் தளம் கூடவே அனுப்பும்வரை தமிழாகத் தெரியும். வாசிப்புப் பார்வை தன் எழுத்துருவைப் போட்டவுடன் திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். தமிழ்நாடு அரசு 2010இலேயே யுனிகோடை ஏற்றுக்கொண்டது. பலருடைய கணினியில் உழைத்துச் சேர்த்த எழுத்து இன்னமும் அந்தப் பழைய உருவிலேயே கிடக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழுவில் முதலில் வந்த யோசனை, "இந்தப் பக்கத்தைச் சாதாரணப் பார்வையில் மட்டும் படிக்கவும்" என்று மேலே ஓர் அறிவிப்புப் போடுவது. அதை நான் ஏற்கவில்லை. சாதாரணப் பார்வையில் படிக்க முடியாதவர்தான் சின்னத்தைத் தொடுகிறார். அவரிடம் போய் அதைத் தொடாதே என்று சொல்வது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படி என்பதற்குச் சமம். ஓய்வு பெற்ற அலுவலரும் இதையே சொன்னார். பக்கங்களைத் திருத்துவது என்று முடிவாயிற்று.

முதலில் நிறப் பட்டியல். அதை "செய்ய வேண்டியவை", "செய்யக் கூடாதவை" என்று இரண்டு தலைப்புகளாகப் பிரித்தோம். அதோடு நிற்காமல் ஒவ்வொரு வரியையும் வினைமுற்றோடு முடியும் முழு வாக்கியமாக்கினோம். "வெயில் ஏறிய பின் தெளித்தல்" என்பது "வெயில் ஏறிய பின் தெளிக்கக் கூடாது" என்றாயிற்று. தலைப்பு விடுபட்டாலும், அந்த ஒரு வரியை மட்டும் யாராவது வெட்டி அனுப்பினாலும் பொருள் மாறாது. நிறங்களை எடுக்கவில்லை, அவை இப்போது சொல்லுக்குத் துணையாக நிற்கின்றன.

எச்சரிக்கைப் பெட்டியில் கருத்து வேறுபாடு வந்தது. சிவப்புப் பெட்டி இல்லாவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று வடிவமைப்பாளர் வாதிட்டார். அதில் நியாயம் உண்டு. பெட்டியின் தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு அடியிலுள்ள குறியை மட்டும் மாற்றினோம். இப்போது அது கட்டுரையின் ஓட்டத்துக்குள்ளேயே, "எச்சரிக்கை:" என்ற சொல்லோடு தொடங்கும் பத்தியாக, செய்முறைக்கு முன்னால் வருகிறது. இடத்தை மாற்றியதில் எனக்கு நிறைவு. கொட்டையை ஊறவைப்பதற்கு முன் தெரியவேண்டிய செய்தி, ஊறவைத்த பிறகு ஓரத்தில் இருந்து என்ன பயன்?

அட்டவணைக்குத் தலைப்புக் கட்டங்களும் மேல்தலைப்பும் கொடுத்தோம். உள்ளிருந்த இணைப்புகளை எடுத்துக் கட்டுரையின் முடிவில் சேர்த்தோம். அளவை அட்டவணைக்கு முன்னால் ஒரு வாக்கியமாகவும் எழுதினோம். இது கூறியது கூறல் என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் சொன்னார். மருந்து அளவு விஷயத்தில் இருமுறை சொல்வது நல்லது என்பது என் கருத்து, அதுவே நிலைத்தது.

படி எண்கள் உண்மையான எண் பட்டியலாக மாறின. 'சைட்பார்', 'விட்ஜெட்' போன்ற உட்பெயர்களைக் கட்டுரைப் பகுதியிலிருந்து நீக்கினோம். குறுஞ்செய்திகளை நீட்டி எழுதச் சொல்லவில்லை. சின்னம் வரவேண்டும் என்பதற்காக நாலு வரியை நாற்பது வரியாக்குவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். அந்தப் பக்கங்களின் எழுத்தை மட்டும் பெரிதாக்கினோம்.

பழைய எழுத்துருக் கட்டுரைகளை யுனிகோடுக்கு மாற்றியதுதான் நேரம் பிடித்த வேலை. மாற்றும் கருவி இருக்கிறது. ஆனால் பழைய தட்டச்சில் பலர் துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். மாற்றிய பின் சொல் உடைந்துவிடும். கருவி செய்ததை அலுவலரே உட்கார்ந்து சொல்சொல்லாகத் திருத்தினார்.

பின்னர் நடந்தது

திருத்திய கட்டுரையைப் பெரியவரின் கைபேசியிலேயே, அவருடைய வாசிப்புப் பார்வையிலேயே திறந்து, பேத்தியை உரக்கப் படிக்கச் சொன்னோம். அளவு வந்தது, எச்சரிக்கை வந்தது, கூடாதவை தனியாக வந்தன. "இது அன்றைக்கே இருந்திருந்தால் அந்த மூட்டையைத் தொட்டிருக்க மாட்டேன்" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் வாடிய நுனிகளைக் கிள்ளி எரித்து, தெரிந்தவரிடம் கடந்த பருவத்துக் கொட்டை வாங்கி, மாலையில் தெளித்தார். புதிய நுனிகளில் வாடல் குறைந்ததாகச் சொன்னார். முதல் பறிப்புகளில் சொத்தைக் காய்க்குப் போனது போனதுதான். அதை ஈடுசெய்ய எங்களிடம் வழியில்லை.

வேறு கட்டுரைகளைப் புரட்டியபோது அதே நிறப் பட்டியல் வேறு இடங்களிலும் இருந்தது தெரிந்தது. மருந்து, உரம் சம்பந்தப்பட்டவற்றை முதலில் திருத்தினோம். மற்றவை இன்னும் வரிசையில் இருக்கின்றன.

ஒரே பக்கம் எல்லாப் பிரௌசரிலும் ஒரே மாதிரி வருவதில்லை என்பதையும் பார்த்தோம். ஒன்றில் தங்கிய படக்குறிப்பு இன்னொன்றில் விடுபட்டது. ஒவ்வொன்றும் தன் விதிகளை அவ்வப்போது மாற்றிக்கொள்கிறது. ஆகவே ஒருமுறை சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

மாற்றிக்கொண்ட நடைமுறை

எழுதுபவர்கள் இப்போது கட்டுரையை வெறும் உரையாகவே தருகிறார்கள். நிறம், பெட்டி எதுவும் இல்லாமல் அது முழுப் பொருள் தருகிறதா என்று இன்னொருவர் படித்துச் சொன்ன பிறகுதான் வடிவமைப்பாளரிடம் போகிறது. "மேலே உள்ள சிவப்பு வரி", "பக்கத்துப் பெட்டியில் காண்க" போன்ற சொற்றொடர்களுக்கு இடமில்லை. வெளியிடும் முன் குறைந்தது இரண்டு பிரௌசர்களின் வாசிப்புப் பார்வையில் ஒருவர் பார்க்கிறார். மருந்துக் கட்டுரை என்றால், தளத்தில் பழக்கமில்லாத ஒருவரிடம் அந்தப் பார்வையிலேயே கொடுத்து, என்ன செய்வீர்கள் என்று கேட்கிறோம். பதில் கட்டுரையோடு ஒத்துப்போக வேண்டும்.

தீராதது ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் பலர். படத்தில் உள்ள எழுத்தைப் பெரிதாக்கினால் மங்குகிறது, கைபேசியின் உரைவாசிப்பான் அதைப் படிப்பதில்லை, பாதிப் பக்கம் வெட்டுப்பட்டும் போகிறது. இதற்காக ஒவ்வொரு மருந்துக் கட்டுரைக்கும் அளவையும் எச்சரிக்கையையும் சேர்த்து, வாட்ஸ்அப்பில் அப்படியே ஒட்டக்கூடிய சிறு உரைவடிவம் ஒன்றைத் தயாரித்து வருகிறோம். வேப்பங்கொட்டைக்கும் பஞ்சகவ்யத்துக்கும் முடிந்துவிட்டது. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலுக்கு அலுவலர் எழுதிக்கொண்டிருக்கிறார்.